கோமதி சொல்லியிருப்பா

தமிழா சார்? நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. அங்க ரெண்டு பேருக்கு நடுவுல முழங்காலை மடக்கிக்கிட்டு எதுக்கு அவஸ்தை, இங்க வாங்க. இந்த ஜன்னல் சீட் காலிதான். என் மனைவிக்குப் போட்டது, அவ வரல. அட, வாங்க சார், கூச்சப்படாதீங்க. பையை மேல வச்சிடுங்க, தண்ணி பாட்டிலை மட்டும் கையில வச்சுக்குங்க. இந்த பஸ் புடாபெஸ்ட் போக மூணு மணி நேரம் ஆகும். நடுவுல ஒரு இடத்துல இருபது நிமிஷம் நிறுத்துவான். எனக்கு எல்லாம் தெரியும். பத்து மாசம் முன்னாடியே பார்த்துப் பார்த்துப் போட்ட பயணம் இது.

என் பேர் பஞ்சநதம். சொந்த ஊர் திருவையாறு. ஆனா சட்டப்படி நான் அமெரிக்கன் சார், பாஸ்போர்ட் நீலம். இங்க ஓட்டல்ல எந்த ஊருன்னு கேப்பான். ஒஹையோன்னு சொல்வேன். அது சரி, அதுக்கு முன்னாடின்னு கேப்பான். திருவையாறுன்னு சொல்வேன். அதோட விட்டுடுவான். கோமதி இதைப் பார்த்து முதல்ல எல்லாம் நல்லா சிரிப்பா. கோமதி என் மனைவி. சங்கரன்கோவில்காரி. அந்த ஊர் அம்மன் பேரு அது, வீட்டுக்கு ஒரு கோமதி இருப்பா.

ஒஹையோல பத்தொன்பது வருஷம் இருந்தோம். குழந்தை கிடையாது. பார்க்காத வைத்தியம் இல்ல, அதை விடுங்க. கம்பெனில ஜெர்மனிக்கு மூணு வருஷம் போறியான்னு கேட்டான், சரின்னுட்டேன். ஸ்டுட்கார்ட். வந்து இறங்கின அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மூணு வருஷத்துல ஐரோப்பாவை முடிச்சிடணும்னு. சில பேர் ஒரே ஊருக்கு ரெண்டு தடவை போவான், கேட்டா பிடிச்சிருந்துதும்பான். பிடிச்சிருந்தா? அதான் பார்த்தாச்சே! வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் ஆபீஸ் விட்டு வர்றப்ப கோமதி வாசல்ல பையோட நிக்கணும். நிப்பா. அதுல குறையே சொல்ல முடியாது.

பைக்குள்ள என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க? மிளகாய்ப்பொடி தடவின இட்லி, புளியோதரை, புளிக்காம இருக்கப் பால் ஊத்திப் பிசைஞ்ச தயிர்சாதம். குட்டியா ஒரு ரைஸ் குக்கர் வேற. நாங்க சைவம் சார், ரெண்டு பேரும். ரோம்ல ஒரு ஓட்டல் ரூம்ல இவ ரசத்துக்குத் தாளிச்சுட்டா. கடுகு வெடிச்சதும் நெருப்பு மணி அடிச்சு, நாலு மாடி ஆளும் துண்டைக் கட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கிறான். இவ கையில கரண்டியோட நிக்கிறா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. அந்தக் கதையை அவ அப்பாகிட்ட போன்ல சொன்னா பாருங்க, அவர் சிரிச்ச சிரிப்பு இந்தப் பக்கம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

மாமனார் அரசு பஸ்ல கண்டக்டரா இருந்தவர். சங்கரன்கோவில், ராஜபாளையம், தென்காசி, இதுக்குள்ளயே முப்பத்தோரு வருஷம். மெட்ராஸுக்கே ரெண்டு தடவைதான் போயிருக்கார். ஆனா நாங்க எந்த ஊருக்குப் போனாலும் அவருக்குச் சொல்லியாகணும். கோபுரம் இருக்கா, கோட்டை இருக்கான்னு கேக்க மாட்டார். அந்த ஊர் பஸ்ல கண்டக்டர் உண்டா, டிக்கெட் கிழிச்சுத் தர்றானா, பொம்பளைங்களுக்கு முன் சீட்டா பின் சீட்டா, ஸ்டாப்பிங்க்கு ஸ்டாப்பிங் எத்தனை மைல், இதுதான் கேப்பார். கோமதி ஒவ்வொரு ஊர்லயும் பஸ் டிக்கெட், டிராம் டிக்கெட், படகு டிக்கெட் எல்லாத்தையும் ஒரு பழுப்புக் கவர்ல போட்டு வைப்பா. ஊருக்குப் போறப்ப அப்பாகிட்ட கொடுக்கணும்னு. ஒரு தடவை பிராக்ல குப்பைத் தொட்டிக்குள்ள கையை விட்டு டிக்கெட் எடுத்தா சார். நான் திட்டினேன். அமெரிக்கா பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டுக் குப்பை பொறுக்கிறியேன்னு. அதுக்கும் சிரிச்சா.

இப்ப சொல்றேன் கேளுங்க. ஊருக்குப் போறப்பன்னு சொன்னேன் இல்ல, அதுலதான் ஒரு சிக்கல். நாங்க குடியுரிமை வாங்கினது ஜெர்மனி வர்றதுக்குச் சரியா முன்னாடி. அமெரிக்கன் ஆயிட்டா சொந்த ஊருக்குப் போறதுக்கே விசா வேணும், இல்லாட்டி அந்த வெளிநாட்டு இந்தியர் அட்டை வேணும். எனக்கு ஆபீஸ் வேலையா பெங்களூர் போக வேண்டி இருந்துச்சு, நான் அட்டை வாங்கிட்டேன். அவளோடது நின்னு போச்சு. பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்கணும், எப்ப திரும்பி வரும்னு உறுதி இல்லைன்னு யாரோ சொன்னாங்க. கையில பாஸ்போர்ட் இல்லாம வாராவாரம் எப்படி எல்லை தாண்டுறது? கிரீஸ் முடியட்டும்னேன். கிரீஸ் முடிஞ்சது. போர்ச்சுகல் முடியட்டும்னேன். அவ ரெண்டு மூணு தடவை கேட்டா. அப்புறம் கேக்கல. சரி, அவளுக்கும் போர்ச்சுகல் பார்க்க ஆசை போலன்னு விட்டுட்டேன்.

போன வருஷம் ஜூன் மாசம், ஒரு புதன்கிழமை, அவ தம்பி நயினார் கூப்பிட்டான். ஒரே தம்பி. ஊர்ல மின்சார வாரியத்துல வேலை. "அத்தான், அப்பாவுக்கு முடியல. மூச்சு வாங்குது. அக்காவக் கேட்டுக்கிட்டே இருக்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க"ன்னான். கோமதி கேட்டுக்கிட்டுதான் நின்னா. நாளைக்கே போய் விசாவுக்கு எழுதிக் கொடுத்துடலாமான்னா. வியாழக்கிழமை எனக்கு ஆபீஸ்ல முக்கியமான கூட்டம். வெள்ளி சாயங்காலம் சுவிட்சர்லாந்து கிளம்பணும், லூசர்ன். ஓட்டல் போட்டாச்சு, ரத்து பண்ண முடியாது. திங்கட்கிழமை காலைல முதல் வேலையா போயிடலாம்னேன். வயசானவங்களுக்கு இப்படித்தான், ஒரு ஏத்தம் ஒரு இறக்கம், எங்க அப்பாவுக்கே எட்டு மாசம் இழுத்துச்சுன்னேன். அவ உள்ள போயி இட்லிக்கு ஊறப்போட்டா.

அவசர விசான்னு ஒண்ணு இருக்காம் சார், சாவு, வியாதின்னா சீக்கிரமே கொடுப்பாங்களாம். அப்புறமா ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். எனக்கு அப்ப தெரியாது. தேடிப் பார்த்திருக்கலாம்னு சொல்லுவீங்க. அன்னிக்கு ராத்திரி பூரா லூசர்ன்ல எந்தப் படகுல எந்தப் பக்கம் உக்காந்தா மலை தெரியும்னு தேடிக்கிட்டிருந்தேன். இடது பக்கம்.

சனிக்கிழமை காலைல ஒன்பது மணி இருக்கும். லூசர்ன்ல ஆத்துக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம், கூரை போட்டது, ரெண்டு பக்கமும் பூத்தொட்டி. கோமதி முன்னாடி போயிக்கிட்டிருக்கா. அவ போனை அணைச்சு வைக்கச் சொல்லியிருந்தேன், சுவிஸ்ல ரோமிங் கட்டணம்னு தீட்டிடுவான். என்கிட்ட ஆபீஸ் போன். அது அடிச்சுது. நயினார். "அத்தான், அப்பா போயிட்டாவ"ன்னான். அழல. நேரா விஷயத்துக்கு வந்தான். "ஐஸ் பெட்டி சொல்லியிருக்கேன். அக்கா வந்துதான் வாய்க்கரிசி போடணும். ரெண்டு நாளானாலும் மூணு நாளானாலும் வச்சிருக்கோம். ஊர்ல என்ன வேணாலும் பேசட்டும். அக்காகிட்ட கேட்டு ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான்."

நான் ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு போனைச் சட்டையோட சேர்த்து அமுக்கி வச்சுக்கிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க சார். விசா இல்ல. திங்கள் கொடுத்தா எப்ப கிடைக்குமோ. அது வரைக்கும் ஒரு உடம்பை வச்சுக்கிட்டு, வீட்ல அடுப்பு பத்த வைக்காம, தெருவே காத்துக்கிட்டிருக்கணும். நல்லதா அது? போன உசுரு திரும்பவா போகுது? அவகிட்ட கேட்டா அழுவா. நடுப்பாலத்துல, அத்தனை சனத்துக்கு நடுவுல. அழுது முடிச்சுட்டு அவளும் இதையேதான் சொல்லியிருப்பா. இருபத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? போனை எடுத்து, "கேட்டுட்டேன் நயினார். காத்திருக்க வேணாம்னு சொல்றா. ஆக வேண்டியதைப் பாருங்க"ன்னேன். அவன் "சரி அத்தான்"னான். வச்சுட்டான்.

யாருன்னு கேட்டா கோமதி. ஆபீஸ்னேன்.

அன்னிக்குத் திட்டப்படி எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. பத்தே முக்காலுக்குப் படகு, இடது பக்கம் இடம் கிடைச்சுது. அப்புறம் பல்சக்கரம் வச்ச மலை ரயில். அதுல ஒரு கண்டக்டர், வயசானவர், தொப்பி போட்டுக்கிட்டு, கையில டிக்கெட் துளை போடுற இடுக்கி. கோமதிக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கல. தனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜெர்மன்ல எங்க அப்பாவும் கண்டக்டர்தான்னு சொல்றா. அவர் உடனே தொப்பியைக் கழட்டிக் கும்பிடு போடுற மாதிரி குனிஞ்சார். டிக்கெட்ல ஒரு துளைக்கு ரெண்டு துளையா போட்டுக் கொடுத்தார், உங்க அப்பாவுக்கு ஒண்ணுன்னு. அவ அதைப் பழுப்புக் கவர்ல போட்டு, கவரைக் கைப்பையில வச்சு, ஜிப்பை இழுத்து மூடினா. இதைப் பார்த்தா அப்பா ஒரு வாரம் தூங்க மாட்டாரு, தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டுவாருன்னு என்கிட்ட சொன்னா.

நான் பத்திரமா வைன்னேன்.

அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டா, ஒண்ணும் தோணல சார். நெஞ்சுல ஈரத்துணியை மடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். மேல குளிர், அதனாலயா இருக்கும். உச்சியில ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். காத்துல அது உருகி அவ மூக்குல ஒட்டிக்கிச்சு, அவ வாய்விட்டுச் சிரிக்கிறா, பின்னாடி பனி மலை. அப்படி ஒரு போட்டோ அமையுறது கஷ்டம். எடுத்தேன்.

அப்புறம்தான் ஒரு தப்பு நடந்துச்சு. யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா. எங்க போனாலும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அன்னிய போட்டோவுல நல்லதா ஒண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுறது என் வழக்கம். கீழ ஊர் பேரு, நாட்டுக் கொடி. ரெண்டு வருஷமா கை பழகிப் போச்சு. அன்னிக்கும் ஓட்டலுக்கு வந்து, ஷூவைக் கழட்டிட்டு, போட்டுட்டேன். கோமதி ஐஸ்கிரீமோட சிரிக்கிறா, கீழ லூசர்ன், கொடி. நீலக் குறி வந்துச்சு. ஒண்ணு, அஞ்சு, இருபது பேர் பார்த்துட்டாங்க. யாரும் ஒண்ணும் எழுதல. சாவு வீடு, வேலையா இருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் யாரோ ஒரு சித்தப்பா குரூப்பை விட்டு விலகினாருன்னு வந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. அழிச்சுட்டேன். ஆனா அது சுடுகாட்டுலேர்ந்து திரும்பி வந்து எல்லாரும் குளிச்சுட்டு உக்காந்திருந்த நேரமாம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ரெண்டு நாள் நான் மட்டும் மனசுல வச்சுக்கிட்டுச் சுமந்திருக்கேன், அதை நீங்க பார்க்கணும். வந்த உடனே சொல்லிடலாம்னு இருந்தேன். ஆனா சாவுச் சேதியைப் பட்டினியா இருக்கிறவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நம்ம ஊர்ல வழக்கம் உண்டே. சொன்னா அப்புறம் குளிக்காம எதுவும் தொட முடியாது. அதனால முதல்ல சாப்பிடும்மான்னேன். மிச்சமிருந்த தயிர்சாதத்துல ஊறுகாய் வச்சு நானே தட்டைக் கொண்டு போய்க் கொடுத்தேன். நான் தட்டு எடுத்துக் கொடுக்கிற ஆளே இல்ல. அவ தட்டையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. ஒரு வாய் வச்சா. அப்புறம், "அப்பாவா?"ன்னா.

நான் தலையாட்டினேன். "எப்ப?"ன்னா. நேத்துன்னேன். நேத்து எப்ப? காலைலன்னேன். அவ கையில இருந்த பருக்கையைத் தட்டுலயே உதறிட்டு எந்திரிச்சா. அழல சார். நான் அழுவான்னு நினைச்சு டவலை எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். குளிக்கப் போனா. முக்கால் மணி நேரம் தண்ணி சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வந்து அவ போனைப் போட்டா. நயினாருக்குக் கூப்பிட்டா, அவன் எடுக்கல. அவன் பொண்டாட்டி எடுத்து, அவரு காரியத்துக்குச் சாமான் எடுக்கப் போயிருக்காருன்னு சொல்லி வச்சுட்டா. பதினாறாம் நாள் வரைக்கும் அப்படியேதான். நான் போட்டு அழிச்ச போட்டோவைப் பத்தி அவகிட்ட சொல்லியிருந்தேன், அதனால கோவம்னு கோமதி நினைச்சுக்கிட்டா. நானும் அப்படித்தான் நினைச்சேன். கோவம் தணியும்னேன்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துல மட்டும் பதினோரு ஊர் பார்த்தோம். அவ வரமாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாசல்ல பையோட நிப்பா. நில்லுன்னா நிப்பா, உக்காருன்னா உக்காருவா, சிரின்னா பல்லைக் காட்டுவா. எதையும் வேணும்னு கேக்கல, வேணாம்னும் சொல்லல. டிக்கெட்டைக் கையில கொடுத்தா அப்படியே குப்பையில போட்டுட்டு வருவா. பரவால்லயே, ஒருவழியா அந்தக் குப்பை பொறுக்கிற பழக்கம் போச்சேன்னு சொன்னேன். வெனிஸ்ல ஒரு படகுல அவ பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு மணி நேரம். கல்லுப் பிள்ளையார்கூட உக்காந்திருந்த மாதிரி. சரி, மனசு தேறிட்டாப் போல, அமைதியா ரசிக்கிறான்னுதான் எனக்குப் பட்டுச்சு. பொய் சொல்லல சார், அப்படித்தான் பட்டுச்சு.

அந்த ஊர்களைப் பத்தி எதையாவது சொல்லுங்கன்னு நீங்க கேட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்கே அது வினோதமா இருக்கு. போட்டோவை எடுத்துப் பார்த்தா இது எந்த ஊர்னு கீழ தேதியை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். எல்லாத்துலயும் கோமதி ஒரே மாதிரி நிக்கிறா.

இதுக்கு நடுவுல அவளே தானா விண்ணப்பம் போட்டு அந்த அட்டையை வாங்கிட்டா. என்கிட்ட ஒரு கையெழுத்துகூடக் கேக்கல. இந்த ஜூன்ல அப்பாவோட முதல் திவசம். போய்ட்டு வர்றேன்னா. தாராளமா போய்ட்டு வா, ஆனா ஆகஸ்ட்ல வியன்னா, புடாபெஸ்ட் போட்டிருக்கேன், நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு, அதுக்குள்ள வந்துடுன்னேன். ரெண்டு சூட்கேஸும் கைப்பையும் எடுத்துக்கிட்டா. விமான நிலையத்துல கைப்பையைப் பரிசோதனைக்குத் திறக்கச் சொன்னான். உள்ள அந்தப் பழுப்புக் கவர். இன்னும் வச்சிருக்காளேன்னு நினைச்சேன்.

திவசம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் எனக்கு போன் வந்துச்சு. அங்க நடந்தது அப்புறமா ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நயினார் அவளோட முகம் கொடுத்தே பேசலையாம். சாப்பாட்டுப் பந்தி எல்லாம் முடிஞ்சு, நான் என்னடா பண்ணினேன்னு இவ போய்க் கேட்டிருக்கா. அதுக்கு அவன், "நீதானக்கா காத்திருக்க வேணாம்னு சொன்ன. நாங்க எத்தன நாளானாலும் வச்சிருப்போம்லா. வாசல்ல அத்தன பேரு முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன், எங்க அக்காவுக்கு வர நேரமில்லன்னா?"ன்னு கேட்டிருக்கான். இவ உடனே எனக்கு போன் பண்றா. வணக்கம் இல்ல, சாப்பிட்டீங்களா இல்ல. ஒரே கேள்விதான். "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

நான் உள்ளதைச் சொன்னேன். "நீ சொல்லல. ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பே"ன்னேன்.

போன்ல பின்னாடி ஏதோ பஸ் ஹாரன் சத்தம், அவங்க வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான். அந்த ஹாரன் சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டா. பத்து வாரம் ஆச்சு சார். என் குரலை அவளும் கேக்கல, அவ குரலை நானும் கேக்கல. இப்ப சொல்லுங்க, நான் என்ன பொய் சொல்லிட்டேன்? அவளுக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்? பத்து ஊர் பஞ்சாயத்து வச்சாலும் என் பக்கம்தான் பேசுவாங்க.

மிக்சர் எடுத்துக்குங்க. கடையில வாங்கினது, அவ பண்ற மாதிரி இருக்காது.

எனக்கு ஜெர்மனில அடுத்த மாசத்தோட முடியுது. ஒஹையோ திரும்பணும். விமான டிக்கெட் ஒண்ணு போடுறதா ரெண்டு போடுறதான்னு ஆபீஸ்ல ஒரு பொண்ணு தினமும் கேக்குது. கோமதிக்குச் செய்தி அனுப்பினேன். ஒண்ணா, ரெண்டான்னு கேட்டு. பார்த்துட்டா, நீலக் குறி வந்துச்சு. பதில் இல்ல. வியன்னாவுக்கும் நான் தனியாத்தான் வந்தேன். ரெண்டு பேருக்கும் பணம் கட்டியாச்சு, விட முடியுமா? நேத்து அந்தப் பெரிய அரண்மனை. வரிசையில நிக்கிறேன். மஞ்சள் கலர் அரண்மனை, எத்தனை ஜன்னல்னு எண்ணிக்கிட்டே நின்னேன். எதுக்கு எண்ணினேன்னு தெரியல. அறுபது வரைக்கும் எண்ணியிருப்பேன், போன் அடிச்சுது. நயினார்.

"அத்தான், அக்காவுக்கு டிக்கெட் போட வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா"ன்னான். நான் சொன்னேன், நயினார், நான் உன்கிட்ட கேக்கல, போனை அக்காகிட்ட கொடு. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், நான் ஒஹையோ போறதைத் தள்ளிப் போடுறேன், இங்கயே வீட்டை வச்சுக்கிட்டு இருக்கேன், எப்ப வர்றான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுன்னேன். சார், நான் ஒரு திட்டத்தைத் தள்ளிப் போடுறேன்னு சொன்னது என் வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. அவன் "ஒரு நிமிஷம் அத்தான்"னான். அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. போனைத் துணியில அமுக்கி வச்ச மாதிரி. நான் வரிசையை விட்டு வெளிய வந்துட்டேன். அப்புறம் அவனே வந்தான். "கேட்டுட்டேன் அத்தான். காத்திருக்க வேணாம்னு சொல்றா. ஆக வேண்டியதைப் பாருங்க"ன்னான்.

என்ன நியாயம் சார் இது? புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இவன் யாரு? அவ வாயால சொல்லட்டுமே, நான் கேட்டுக்கிறேன். வேணாம்னு சொல்றதுன்னா அவதானே சொல்லணும்? ஒருத்தி சொல்ல வேண்டியதை இன்னொருத்தன் சொன்னா அது அவ சொன்னதா ஆயிடுமா?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க?

ஓ, நிறுத்திட்டான். இதுதான் அந்த இருபது நிமிஷம். நீங்க இறங்கிட்டு வாங்க, காபி நல்லா இருக்கும், கழிவறை இடது பக்கம். நான் வரல. எப்பவும் முதல் ஆளா இறங்குறவன்தான், இன்னிக்குக் கால் வரல. நீங்க போங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார். நேத்து ராத்திரியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷம் அவன் போனை அமுக்கி வச்சிருந்தானே, அப்ப அவ பக்கத்துல நின்னாளா? அவன் அவகிட்ட கேட்டானா? கேக்கவே இல்லையா?